தன் அறிக்கையைத் தானே திருத்திய எங்கள் அய்யா

எங்கள் அய்யா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. காரியத்தன்று உங்கள் கையில் கொடுத்த சிறு நினைவு மலரில் அய்யாவின் படமும் பிறந்த ஊரும் எங்கள் பெயர்களும் மட்டும்தான் இருந்தன. அன்றைக்கு அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே மகள். பரமக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அய்யாவின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, வாய் கொஞ்சம் நீளம் என்பதும் உறவினர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. எங்காவது சூடாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியவில்லை என்றாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அய்யா பிறந்தது அபிராமத்துக்குத் தெற்கே, மழையை நம்பி மிளகாய் போடும் ஒரு சிறிய ஊரில். கூடப் பிறந்தவர் ஒருவரே, அண்ணன். அவரைப் பெரியப்பா என்று எழுதுகிறேன். தாத்தா இளவயதிலேயே காலமாகிவிட்டார். எட்டாவது முடித்த கையோடு பெரியப்பா ஏர் பிடிக்கப் போனார், அய்யாவைப் படிக்க அனுப்பினார். அய்யா இராமநாதபுரத்தில் பட்டம் வாங்கும்வரை விடுதிக்கு அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியவர் பெரியப்பாதான். இதை அய்யா எல்லோரிடமும் சொல்வார். வீட்டுக்கு வரும் கப்பல்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

படிப்பு முடிந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். அங்கே மூத்த சர்வேயர் ஒருவர் இவருடைய எழுத்தையும் ஒழுங்கையும் பார்த்து உதவியாளராக வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, கப்பல் சரக்கு சர்வேயர் ஆனார். எங்கள் ஊரில் கடலையே பார்க்காதவர்கள் பாதிப் பேர். அந்த ஊரிலிருந்து இப்படி ஒருவர்!

அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது நடந்ததை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாப்பிள்ளை சர்வேயர் என்றதும் அம்மா வீட்டில் ஒரே மகிழ்ச்சி. சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர், தாலுகா ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துவிட்டார்கள். கப்பலில் வேலை என்று பெரியப்பா விளக்கியதும் அம்மாவின் தாய்மாமா கேட்டாராம், "கடல்ல என்னத்தப்பா அளக்குறாரு மாப்பிள்ளை? தண்ணியவா?" அய்யா தலையைக் குனிந்துகொண்டே, "ஆமாங்க, தண்ணியையும்தான்" என்றாராம்.

உண்மையில் அதுவும் அவருடைய வேலைதான். கப்பலின் பக்கவாட்டில் அடி முதல் மேல் வரை எண்கள் எழுதியிருக்கும். சரக்கு ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு சிறு படகில் போய், தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்ப்பார். ஒரு வாளியில் கடல் நீரை மொண்டு அதன் அடர்த்தியை அளப்பார். இவற்றை வைத்துக் கப்பலில் எத்தனை டன் நிலக்கரி ஏறியது என்று சொல்லிவிடுவார். அலை ஏறி இறங்கும்போது அந்த எண்ணைச் சரியாகப் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. படகில் குப்புறப் படுத்துக்கொண்டு பத்து அலை, இருபது அலை பார்த்துத்தான் குறிப்பார். இத்தனைக்கும் அய்யாவுக்கு நீச்சல் தெரியாது. கயிற்று ஏணியில் கப்பலின் வயிற்றோரமாக ஏறி இறங்கும் மனிதர், கண்மாயில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகமாட்டார்.

சேதமான சரக்கைப் பார்ப்பதுதான் இன்னொரு முக்கியமான வேலை. மூட்டை நனைந்திருந்தால், அது மழையில் நனைந்ததா, கடல் தண்ணீர் புகுந்து நனைந்ததா என்று அவர் சொல்ல வேண்டும். மழை என்றால் ஒருவர் தலையில் விடியும், கடல் என்றால் இன்னொருவர் தலையில் விடியும். அதற்காகப் பையில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு கறுப்புச் சீசாவில் வைத்திருப்பார். ஈரத்தில் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். நல்ல தண்ணீர் என்றால் அப்படியே இருக்கும். அந்த மருந்து பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகளில் எப்போதும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நான் வேதியியல் படித்ததற்குக் காரணம் அந்தச் சீசாதான்.

இனி நான் சொல்லப்போவது உறவினர்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயம். "கூடப் பொறந்த அண்ணனையே காட்டிக் குடுத்தவரு" என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் எங்கள் காதுபடவே பேசியிருக்கிறீர்கள். பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுதப்போவதில்லை. அய்யா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு அது. எங்கள் பக்கத்து மிளகாயைத் தூத்துக்குடி வியாபாரி ஒருவர் வாங்கி, மரத்தோணியில் இலங்கைக்கு அனுப்பினார். ஊர்ச் சரக்கைச் சேர்த்துக் கட்டி அனுப்பும் பொறுப்பு பெரியப்பாவுடையது. புறப்பட்ட தோணி கடல் கொந்தளிப்பில் சிக்கி, எஞ்சினும் மக்கர் செய்து, பாதி வழியில் துறைமுகத்துக்கே திரும்பிவிட்டது. இறக்கிப் பார்த்தால் மிளகாய் ஈரம் கோத்துப் பூசணம் பிடித்திருந்தது. அய்யாவைக் கூப்பிட்டார்கள்.

அய்யா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சாக்கின் வெளிப்புறம் அவ்வளவாக நனைந்திருக்கவில்லை. நடுவில் இருந்த மிளகாய்தான் ஈரமாக இருந்தது. அது அவருக்கு இடித்தது. தண்ணீர் தெளித்திருப்பார்களோ என்றும் யோசித்தார். காய்ந்த மிளகாயைச் சாக்கில் திணிக்கும்போது நொறுங்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிறுவயதில் அவரே குடம் குடமாகச் சுமந்து போய்த் தெளித்தவர்தான். ஆனால் அது ஊருணித் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். மருந்து விட்டுப் பார்த்தார், பால் போல வெளுத்தது. ஊருணித் தண்ணீர் என்றால் வெளுக்காதே! அடித்த அலைக்குக் கடல் தண்ணீர்தான் உள்ளே புகுந்திருக்கிறது என்று முடிவு செய்து அப்படியே அறிக்கை எழுதிவிட்டார்.

அந்தத் தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவர், பாம்பனைச் சேர்ந்த செபஸ்தியான் என்பவர். தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தெரியாமல் கடலை உள்ளே விட்டுவிட்டார் என்று பழி அவர் மேல் விழுந்தது. தோணிக்காரர்கள் அவரை இறக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம் தண்டலாக இருந்தவருக்கு அதன் பிறகு எந்தத் தோணியிலும் இடம் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மறுநாள் காலையில் பெரியப்பா களத்தில் அடுத்த சரக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். அய்யாவும் நானும் வேடிக்கை பார்க்கப் போனோம். பெரியப்பா பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீரை அள்ளி மிளகாய்க் குவியல் மேல் தெளித்தார். அய்யா அந்தக் குடத்தையே பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏலே, அத எதுக்கு இங்கன தூக்கிட்டு வாரே?" என்றார் பெரியப்பா.

அய்யா குடத்துத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு சொட்டு விட்டார். பால் போல வெளுத்தது.

"அண்ணே, இது ஊருணித் தண்ணி இல்லையா?"

"ஊருணியில ஏதுலே தண்ணி? அது வத்தி மூணு வருசமாச்சு. போர் தண்ணி."

"போன மாசம் ஏத்துன மூட்டைக்கும் இதத்தான் தெளிச்சீகளா?"

"பின்ன, பன்னீரா தெளிப்பாக?"

அய்யா அப்படியே களத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மண்ணுக்குக் கீழே தண்ணீர் உப்பாகிவிட்டது. ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருடம் ஆன அய்யாவுக்கு அது உறைக்கவில்லை. எந்த ஊர்ச் சரக்காக இருந்தாலும் துருவித் துருவிக் கேட்கிறவர், சொந்த ஊர்ச் சரக்குக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

"அந்தத் தண்டல் மேல தப்பே இல்லண்ணே. நான் மாத்தி எழுதணும்" என்றார்.

பெரியப்பாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதுனது எழுதுனபடியே கெடக்கட்டும்லே. தண்டலுக்கு இந்தத் தோணி இல்லேன்னா வேற தோணி. நம்ம ஊரு மிளகாய் கெட்டதுன்னு நீயே எழுதுனா நாளைக்கு எவன் வாங்குவான்? ஊருல நான் தலை காட்ட வேணாமா? ஒன்னையப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

கடைசிக் கேள்வியில் அய்யாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "படிக்க வச்சீகளே, அதனாலதான்ணே" என்றார். அன்று மத்தியானமே நாங்கள் இராமநாதபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்.

அய்யாவின் அறிக்கைகளை வீட்டில் தட்டச்சு செய்தது நான்தான். மறுநாள் அய்யா சொல்லச் சொல்ல இரண்டாவது அறிக்கையை அடித்தேன். "எனது முந்தைய அறிக்கையில் நான் கண்ட முடிவு தவறானது" என்று ஆரம்பித்தார். நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"அய்யா, தப்புன்னு நீங்களே போடணுமா? 'மறுபடி ஆய்வு செய்ததில்'னு போட்டா என்ன?"

"தப்பு யாரு பண்ணுனது?"

"நீங்கதான்."

"அப்பப் போடு."

மிளகாயைக் கட்டும்போது உப்புத்தன்மையுள்ள நிலத்தடி நீரைத் தெளிக்கும் வழக்கம் இருப்பதை நேரில் கண்டதாகவும், கடல் நீருக்கும் அதற்கும் வேறுபாடு பார்க்கத் தாம் தவறிவிட்டதாகவும், தோணி மேல் குறை காண இடமில்லை என்றும் எழுதினார். யார் தெளித்தார் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரை வளர்த்துவிட்ட மூத்த சர்வேயர் போனிலேயே கத்தினார். "சர்வேயர் தன் ரிப்போர்ட்டையே தப்புன்னு சொன்னா இனி எவன்யா உனக்கு வேலை குடுப்பான்?" அவர் சொன்னபடியே ஆயிற்று. மாதக்கணக்கில் எங்கள் வீட்டுப் போன் அடிக்கவில்லை. அய்யா தினமும் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அதற்கிடையில் பாம்பனுக்குப் போய்ச் செபஸ்தியானைத் தேடிப் பிடித்தார். அவர் யாருடைய படகிலோ கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அய்யா நடந்ததைச் சொல்லி, மன்னித்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். அவர் ஒன்றும் உருகிவிடவில்லை. "இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்ன சார் பிரயோசனம்? தார்ப்பாய் கட்டத் தெரியாதவன்னு தொறமுகம் பூராப் பேசிட்டாக. அங்க வந்து சொல்லுங்க" என்றாராம். நியாயமான பேச்சு. அய்யா அவரையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். தோணிகள் கட்டும் துறையில், சுமை தூக்குகிறவர்கள் முதல் தோணிச் சொந்தக்காரர்கள் வரை இருந்த இடத்தில், "இவர் கட்டுன தார்ப்பாய் சரியாத்தான் இருந்துச்சு. நான் எழுதுனதுதான் தப்பு" என்று உரக்கச் சொன்னார். செபஸ்தியானை அதே தோணியில் மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். இதைச் செபஸ்தியான் அண்ணனே காரியத்துக்கு வந்தபோது என் பிள்ளைகளிடம் நின்றுகொண்டே சொன்னார்.

எங்கள் வீட்டுப் போன் திரும்ப அடித்ததும் அந்தத் துறையிலிருந்துதான். தோணிச் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பிறகு சரக்குக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு கப்பல் தரப்பும் சரக்குத் தரப்பும் ஒரே சர்வேயரை ஒப்புக்கொள்கிற அதிசயம் நடக்க ஆரம்பித்தது. "அவரையே போடுங்க, தப்பா எழுதுனா அவரே வந்து சொல்லிருவாரு" என்று இரண்டு தரப்பும் சொல்வார்களாம். அய்யா எழுதியதை எதிர்த்துப் பேச யாரும் துணிந்ததில்லை என்று பின்னாளில் அந்த மூத்த சர்வேயரே எங்கள் வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு கேமரா போனோடு வரும் இன்றைய சர்வேயர்களும், தகராறான சரக்கு என்றால் படத்தை அய்யாவுக்கு அனுப்பி "என்ன சார் எழுதலாம்?" என்று கேட்பார்கள். "படத்துல வாசனை வருமாப்பா? மூட்டையப் பிரிச்சுப் பாரு" என்பார் அய்யா. அவரால் நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் பெரியப்பா பேசவில்லை. அந்த ஒரு பருவம் வியாபாரி எங்கள் ஊர்ச் சரக்கை எடுக்கவில்லை என்பது உண்மை. அடுத்த பருவம் தெளிக்காமல் கட்டிக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. இரண்டாவதை ஏனோ யாரும் சொல்வதில்லை. என் கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார், மொய் எழுதினார், கை நனைக்காமல் போனார். அய்யா பந்தி வாசலில் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இருபது வருடத்துக்குப் பக்கமாக இப்படியே ஓடிவிட்டது.

சென்ற ஆண்டு அய்யாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, மதுரையில் சிகிச்சை எடுத்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் பெரியப்பா நின்றார். கம்பு ஊன்றி, முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார். நான் வாங்க என்று சொல்லத்தான் செய்தேன், ஆனால் முகத்தைக் காட்டிவிட்டேன். அய்யாதான் கட்டிலில் கிடந்தபடியே கையைத் தூக்கி, "உக்காருங்கண்ணே. தாயி, அண்ணனுக்குக் காப்பி போடு" என்றார்.

பெரியப்பா உட்காரவில்லை. "தம்பி, ஒன்னு சொல்லணும். இத்தன நாளு சொல்லல. தோணி திரும்பி வந்துச்சுன்னு சேதி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்ப்பா. அந்த வருசம் காய் ரொம்பக் காஞ்சு முறுகிப் போச்சுன்னு ரெண்டு குடம் கூடவே தெளிச்சேன். போர் தண்ணி உப்புன்னும் தெரியும். நீ கடல்னு எழுதுனதும் தப்பிச்சோம்டான்னு வாய மூடிட்டேன். ஒரு மனுசன் பொழப்பு போச்சுன்னு கேள்விப்பட்டும் மூடிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அய்யா அசையவே இல்லை.

"தெரியும்ணே" என்றார்.

"என்னது?"

"களத்துல சீசாவக் கண்டதும் உங்க மூஞ்சி மாறுச்சே. அப்பவே தெரியும்."

"பெறகு ஏம்ப்பா அத எழுதல? எழுத வேணாம், நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஊரே ஒன்னையத்தானே ஏசுச்சு!"

"தெளிச்சதக் கண்ணால பாத்தேன், எழுதுனேன். உங்க மனசுக்குள்ள இருந்தத நான் பாக்கலையே. பாக்காதத எப்படிண்ணே எழுதுறது?"

பெரியப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டு, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அய்யா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். இருபது வருடம் ஊர் வாயில் விழுந்து கிடந்தவர், பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லையே என்று கோபமாகவும் வந்தது. அன்று பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அடுத்த ஆறு நாளும் அய்யாவுக்குக் கஞ்சி ஊட்டியது அவர்தான். ஏழாம் நாள் காலையில் அண்ணன் கையால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு அய்யா கண்ணை மூடினார்.

அய்யாவின் கடைசி நாட்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மதுரை மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், சொல்லாமலே அடுப்பு மூட்டி வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும், வேலையைப் போட்டுவிட்டு வேன் பிடித்து வந்த துறைமுகத்துத் தோழர்களுக்கும், பாம்பனிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த செபஸ்தியான் அண்ணனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தவறாகப் பேசிய உறவினர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: காரியத்தன்று நீங்களும் வந்து நின்றீர்கள், அதற்கும் நன்றி.

கடைசி நன்றி பெரியப்பாவுக்கு. எழுதி முடித்ததும் ஊருக்குப் போய் அவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அய்யா யாரிடமும் சொல்லாததை நான் அச்சில் போடுவது முறையா என்று எனக்கே தயக்கம்தான். உங்களைப் பற்றிய இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எண்பதை நெருங்கும் அந்த மனிதர் தாளை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எடுக்காத தாயி. அவன் பாக்காதத எழுத மாட்டான். நீ பாத்துட்டேல்ல, கேட்டுட்டேல்ல, எழுது. நான் இருக்கும்போதே போடு. நாலு பேரு எங்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றார்.

போட்டுவிட்டேன், பெரியப்பா.

— மகள்